கிறகரியின் தொழில்

யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த நாலைந்து வருடங்களில், மன்னார்த் தீவிலும் எதிர்க்கரை ஊர்களிலும் எந்த மாதா கோயிலில் திருநாள் வந்தாலும், எந்த அம்மன் கோயிலில் பொங்கல் வந்தாலும், கமிட்டிக்காரர் கூடும் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழும். "சவுண்டுக்கு ஆர்?" விடத்தல்தீவுக் கிறகரி என்று யாராவது சொல்லிவிட்டால் அத்துடன் அந்தக் கதை முடிந்தது. அடுத்ததாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

கிறகரிக்குச் சொந்தமாக ஒரு ஒலிபெருக்கிகூடக் கிடையாது. பெட்டிகளும் மிக்சரும் ஜெனரேற்றரும் மன்னார் நகரத்தில் சவுண்ட் செற் வாடகைக்கு விடும் செற்காரர்களுடையவை. அவர்கள் கூப்பிடுவார்கள், கிறகரி போவார். ஒரு திருநாளுக்கு ஒருவருடைய செற், மறு திருநாளுக்கு இன்னொருவருடையது. யாருடைய சம்பளப் புத்தகத்திலும் அவருடைய பெயர் இல்லை. நெடுத்து மெலிந்த மனிதர். மிக்சருக்கு முன்னால் கதிரையில் அமராமல் நின்றபடியே வேலை செய்வார். ஏன் என்று கேட்டால், இருந்தால் பின்வரிசைச் சனத்தின் காது தனக்குத் தெரியாது என்பார்.

காப்புறுதி முகவர் பெற்றிசியாவுக்கு அவரைத் தெரிய வந்தது தன் கலியாணத்தில். வரவேற்பில் அவளுடைய அப்பா பேச எழுந்தார். இரண்டு வசனம் பேசினார், மூன்றாவதில் காணாமல்போன மகனின் பெயர் வாயில் வந்துவிட்டது. அப்பா அழத் தொடங்கியதும் மண்டபத்தின் மூலையில் நின்ற அந்த நெடுத்த மனிதர் விரலால் எதையோ மெல்ல இறக்கினார். அழுகை முன்வரிசையோடு நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கிழவர் பேசி முடித்துக் கதிரையில் இருந்துவிட்டதாகத்தான் பட்டது. மைக்கைப் படக்கென்று நிறுத்தியிருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அப்படிச் செய்யாமல் ஒரு மனிதனுடைய மானத்தைக் காப்பாற்ற ஒரு விரல் போதும் என்று பெற்றிசியா அன்று கண்டாள்.

இந்தக் கிறகரிதான் அரசாங்கக் கடதாசி எல்லாவற்றிலும் கடற்தொழிலாளி.

ஊருக்கு அது தீராத பகிடி. ஏனென்றால் வள்ளத்தில் கால் வைத்தாலே கிறகரி சத்தியெடுப்பார். தகப்பன் கடலுக்குப் போனவர், அண்ணன்மார் போனார்கள், இவரை இரண்டு தரம் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அப்படிப்பட்டவருக்குக் கடற்தொழிலாளர் சங்கத்தில் அங்கத்துவ அட்டை இருந்தது. மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவி என்று ஏதோ நிறுவனம் ஒரு வலையும் கொடுத்திருந்தது. அதை அவர் பையோடு கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்தவர் வைத்தவர்தான். "கிறகரியின்ர வலையில அகப்பட்டது பல்லி மட்டும்தான்" என்று சந்தியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்காத கதை ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. வன்னிக்குள் இயக்கத்தின் ஆட்சியில் இருந்த காலத்தில் எந்த மேடைக்கும் சவுண்ட் போட்டது அவர்தான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் திருநாள், நினைவு நாள் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். போகமாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? இரண்டாயிரத்தொன்பதில் முகாமுக்கு வந்து இராணுவத்தின் பதிவு வரிசையில் நின்றபோது, பின்னால் நின்றவர் காதுக்குள் சொன்னார்: "சவுண்ட் எண்டு வாயைத் திறந்திடாதை. ஆற்ற மேடைக்கு எண்டு கேப்பினம்." மேசைக்கு வந்ததும் கிறகரி "கடற்தொழில்" என்றார். எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிவாரண அட்டை, வீட்டுத்திட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவம், எல்லாவற்றிலும் அதே சொல். ஒரு கடதாசியில் ஒன்றும் மற்றக் கடதாசியில் வேறொன்றும் இருந்தால் என்ன நடக்கும் என்று அந்தச் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒருநாள் கிறகரி தானாகவே பெற்றிசியாவின் கந்தோருக்கு வந்தார். அதற்கு முந்திய மாதம் பெட்டி அடுக்கு ஒன்று சரிந்து கூட வேலை செய்த ஒருவனின் காலை முறித்துவிட்டிருந்தது. செற்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஆளையே காணவில்லை.

"தங்கச்சி, எங்களைப் போல கூப்பிட்டாப் போற ஆக்களுக்கும் இந்தக் காப்புறுதி போடலாமோ?" என்று கேட்டார். "எனக்கெண்டு ஒண்டும் வேண்டாம். ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். றொசானா நல்லாப் படிக்கிறாள். நான் கண்ணை மூடினா அவள் இடையில நிக்கக் கூடாது."

"ஏன் போடேலாது? வடிவாப் போடலாம் அண்ணை." பெற்றிசியா படிவத்தை விரித்தாள். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் முடிந்து தொழில் என்ற இடத்துக்கு வந்தாள்.

"கடற்தொழில் எண்டு போடுங்கோ."

அவள் பேனையைத் தூக்கிவிட்டாள். "அண்ணை, என்ர கலியாணத்துக்கு ஆர் சவுண்ட் போட்டது?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கடதாசிக்குத் தெரிய வேண்டாம்." கிறகரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எல்லாத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு, பிள்ளை. இதில மட்டும் மாத்தி எழுதினா, அப்ப முந்திச் சொன்னது என்னெண்டு ஒருத்தன் கேப்பான். கேக்கத் தொடங்கினா எங்க போய் நிக்கும் எண்டு சொல்லேலாது."

பெற்றிசியா எழுதினாள். அந்தப் பயம் அவளுக்கும் நன்றாக விளங்கியது, அதனால் எழுதினாள். எல்லாக் கடதாசியும் ஒன்றாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவளும் நம்பினாள், அதனாலும் எழுதினாள். இவை இரண்டும் அவள் பிறகு எல்லோருக்கும் சொன்ன காரணங்கள். யாருக்கும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அந்த மாத இலக்குக்கு அவளுக்கு ஒரே ஒரு பொலிசி குறைவாக இருந்தது. கிறகரியோடு வாதாடி, மனிதர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? நீல மையில், நல்ல உறுப்பான எழுத்தில், கடற்தொழில் என்று எழுதிக் கையொப்பத்துக்குத் திருப்பி வைத்தாள்.

அடுத்த வருடம், முசலிப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர்த் திருநாள். மறுநாள் திருப்பலி, அன்று பின்னேரம் வேஸ்பர் ஆராதனை. கோயில் இன்னும் கட்டி முடியாததால் வெளியே தகரப் பந்தலின் கீழ் பீடம் போட்டிருந்தார்கள். மத்தியானம் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. நாலு மணிக்கு மைக் பரிசோதித்தபோது பீடத்து மைக்கில் இரைச்சல் வந்தது. அதைப் பார்க்கக் கிறகரி போனார்.

கூட வேலைக்கு நின்ற பொடியன் நிதர்சன் பிறகு எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி அழுதான். "செருப்பில்லாமல் வயரைத் தொடாதை எண்டு எங்களுக்கு நாயாய் ஏசுற மனிசன். அம்மன் கோயில் வீதியில வெறுங்காலோட நிக்க வேணும் எண்டு, பலகைத் துண்டு ஒண்டு எப்பவும் கொண்டு திரியிறவர். அண்டைக்குப் பலகை வானுக்குள்ள கிடந்தது. எடுத்துக்கொண்டு வாறன் அண்ணை எண்டனான். 'ஒரு நிமிச வேலையடா' எண்டார். பீடத்துப் படியில செருப்பைக் கழட்டி வைச்சார். நெத்தியில சிலுவை போட்டார். பிறகு கையை வைச்சார்."

நிதர்சன் ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் செருப்போடு நிற்பதில்லை என்பது யாரும் சொல்லிக்கொடுத்த சட்டமல்ல. அந்தக் கரையில் பிறந்த யாருடைய காலும் தானாகக் கழற்றிவிடும். கிறகரிக்கு நாற்பத்தைந்து வயது. அந்த வருடத் திருநாள் ஒலிபெருக்கி இல்லாமலேயே நடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பெற்றிசியா கந்தோரில் இருந்து கொம்பனியின் கைநூலைப் புரட்டினாள். மூன்று வருடமாக ஸ்கூட்டியின் பெட்டிக்குள் கிடந்து ஓரம் சுருண்ட புத்தகம். தொழில்களின் பட்டியல் கடைசிப் பக்கங்களில் இருந்தது. அந்தப் பக்கங்களை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. அங்கே ஒரு வரி: மேடை ஒலி, ஒளி அமைப்பாளர்கள். மாதம் கட்டுகிற காசோடு மேலதிகமாக நூற்றெழுபது ரூபா. அவ்வளவுதான். அந்தப் புத்தகம் முகாமைப் பற்றியும் கேட்கவில்லை, யாருடைய மேடை என்றும் கேட்கவில்லை. பட்டாசு செய்பவருக்கும் பனை ஏறுபவருக்கும் நடுவில் கிறகரிக்கும் ஓர் இடம் ஒதுக்கி, வேறெங்கோ ஒருவன் அதை அச்சடித்தே வைத்திருந்தான். பெற்றிசியா மேசையில் தலையை வைத்து அழுதாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. தெரியாததற்கு வெட்கப்படவில்லை. தெரிந்துகொள்ளப் பார்க்கவே இல்லையே என்பதற்குத்தான்.

அழுது முடித்ததும் அவள் செய்தது இன்னொரு பிழை. எடுத்து இரண்டு வருடம் ஆகாத பொலிசி என்றால் ஆள் அனுப்பி விசாரிக்காமல் கொம்பனி ஒரு சதமும் தராது. பொலிஸ் அறிக்கையில் "ஒலிபெருக்கி வேலையில் ஈடுபட்டிருந்தபோது" என்று இருந்தது. அது அவருடைய தொழில் என்றானால் படிவம் பொய்யாகிவிடும். மீனவர் ஒருவர் திருநாளுக்கு உதவியாகப் போன இடத்தில் நடந்தது என்றானால் காசு வரும். பெற்றிசியா விடத்தல்தீவுக்குப் போனாள். விசாரிக்க வருகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொன்னாள். அயலவர்கள் தலையாட்டினார்கள். கடதாசிக் கோவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிற அந்நியனுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று அந்த ஊருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். கிறகரியின் மனைவி அன்ரோனெற் மட்டும் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"அந்த வலை இருக்குதெல்லோ அக்கா? அதையும் எடுத்துக் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தாள் பெற்றிசியா. அதைச் சொன்னபோது தன் கெட்டித்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விசாரணைக்கு வந்தவர் பரமநாதன். அறுபதை நெருங்கியவர், அமைதியானவர். வீட்டுத்திட்டத்தில் பாதி முடிந்த அந்த வீட்டில், கூரை போட்ட ஒரே அறைக்குள் கதிரையில் இருந்து பிளேன்ரீயை ஆற அமரக் குடித்தார். பெற்றிசியா பக்கத்தில் இருந்தாள். றொசானா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உயர்தரப் பரீட்சைக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருடம். சின்னவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பரமநாதன் கேட்க முன்னமே பெற்றிசியா முந்திக்கொண்டாள். "அவற்ற வலை கிடக்கு ஐயா. றொசானா, எடுத்துக்கொண்டு வாம்மா."

றொசானா கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து எடுத்து வந்தாள். நிறுவனத்தின் பெயர் போட்ட பை. அதன் வாய் தொழிற்சாலையில் தைத்த தையலோடு அப்படியே இருந்தது. பெற்றிசியாவுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அதை அவள் வாழ்க்கையில் ஒருநாளும் பார்த்ததில்லை, பகிடியாகக் கேள்விப்பட்டதோடு சரி.

பரமநாதன் பையைத் தடவிப் பார்த்தார். தூசி விரலில் ஒட்டியது. "நான் வயல்காரன்ர பிள்ளை, அம்மா. கடலைப் பற்றி ஒரு இழவும் தெரியாது" என்றார். "ஆனா இந்த வலை தண்ணியைக் கண்டதில்லை எண்டு எனக்கும் விளங்குது."

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு கோவையை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். நான் வலையைக் காணேல்லை. நீங்கள் ஒரு வசனம் எழுதித் தாங்கோ. அவருக்குச் சவுண்ட் வேலை தொழில் இல்லை, கோயிலுக்கு எண்டு சும்மா உதவிக்குப் போனவர். அவ்வளவும் போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

நல்ல மனிதர். பெற்றிசியா மாதாவை நினைத்துக்கொண்டு மூச்சை விட்டாள். பேனையைத் திறந்து அன்ரோனெற்றின் பக்கம் நீட்டினாள்.

அன்ரோனெற் பேனையை வாங்கவில்லை.

"ஐயா, குறை நினைக்காதையுங்கோ" என்றாள். "அவர் முகாமில பயத்தில ஒருக்காச் சொன்னவர். பிறகு பயம் போட்டுது, சொல் மட்டும் போகேல்லை. வீட்டுக்கு எழுதேக்க அப்பிடி. பள்ளிக்கூடத்துக்கு எழுதேக்க அப்பிடி. பிள்ளையள் என்னட்டக் கேட்டிருக்குதுகள், அப்பா ஏன் பொய் சொல்லுறார் எண்டு. இப்ப மரணச் சான்றிதழிலயும் அப்பிடித்தான் கிடக்கு. சத்தம் ஒரு துளி பிசகினாலும் ரெண்டு நாள் சாப்பிடாமல் திரிஞ்ச மனிசன் ஐயா அவர். அது அவற்ற தொழில் இல்லை எண்டு நான் என்ர கையால எழுதித் தரவோ? செத்த பிறகும் அவரை ஒளிச்சு வைக்கவோ?"

"அக்கா, றொசானாவை யோசியுங்கோ." பெற்றிசியா பேனையை இன்னும் கிட்ட நீட்டினாள். "அண்ணை இதை எடுத்ததே அவளுக்காகத்தானே."

அன்ரோனெற் மகளைப் பார்த்தாள். றொசானா கதவு நிலையிலிருந்து அசையவில்லை. கண் நிறைந்திருந்தது. "அப்பா சவுண்ட்காரர்தான்" என்று மட்டும் சொன்னாள்.

பரமநாதன் கோவையைத் திறந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதினார். அன்ரோனெற் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் பெற்றிசியாவுக்கு அவள் மீது கோபமாக இருந்தது. இந்த நேரத்தில் ஒரு ரோசமா, பிள்ளையின் படிப்பைவிடப் பெரிதா என்று ஸ்கூட்டியில் இருந்தபடி வாய்விட்டே திட்டினாள். பாலம் தாண்டி மன்னாருக்குள் நுழைந்தபோது கோபம் தன் பக்கம் திரும்பிவிட்டது. அந்தப் பெண்ணை அப்படி ஒரு கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் இருத்தியது யார்?

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தபாலில் அனுப்ப மனம் வராமல் பெற்றிசியா தானே கொண்டுபோனாள். றொசானா அப்போது பள்ளிக்கூடத்தை விட்டு, உடுப்புத் தைக்கும் காமென்ற் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையில் நூல் துண்டுகளோடு வீட்டுக்குள் வந்தாள். பெற்றிசியாவைக் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பெற்றிசியாவால் தாங்க முடியவில்லை.

"கட்டின காசு மட்டும் திருப்பித் தருவினம் அக்கா. மிச்சம் இல்லையாம்." கடிதத்தை நீட்டிவிட்டுப் பெற்றிசியா பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "என்னாலதான் அக்கா. அண்டைக்கு நான் ஒழுங்கா எழுதியிருக்க வேணும். அண்ணை மாட்டன் எண்டாலும் விளங்கப்படுத்தியிருக்க வேணும். புத்தகத்தில இடம் இருந்தது. நான் பாக்கேல்லை."

அன்ரோனெற் இல்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மகளிடம் கொடுத்தாள். "என்னவாம், வாசி பிள்ளை."

றொசானா நின்றபடியே வாசித்தாள். "காலஞ்சென்ற கிறகரி அவர்கள் தொழில்முறை ஒலியமைப்பாளராகப் பல வருடங்கள் கடமையாற்றியவர் என்பது விசாரணையில் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. இவ்விடயம் விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டுள்ளமையால், கோரிக்கையை ஏற்க முடியாதென்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

"முன்னுக்கு இருக்கிறதைத் திருப்பி வாசி."

றொசானா மறுபடியும் வாசித்தாள். தொழில்முறை ஒலியமைப்பாளர். பல வருடங்கள். உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.

"கொம்பனி முத்திரை குத்தியிருக்கோ?"

"ஓம், அம்மா. கையெழுத்தும் கிடக்கு."

அன்ரோனெற் கடிதத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு நாலாக மடித்தாள். மரணச் சான்றிதழும் சங்க அட்டையும் வீட்டுத்திட்டப் படிவமும் இருந்த அலுமாரித் தட்டில் அவற்றுக்கு மேலே வைத்தாள். கிறகரி யார் என்று உள்ளபடி சொன்ன கடதாசி அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதே சொல்லைப் பெற்றிசியா முந்தியே நீல மையில் எழுதியிருந்தால் றொசானா இன்று பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். எழுதுவதற்குப் படிவத்தில் நிறைய இடமும் இருந்தது.

"இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள் அன்ரோனெற். பெற்றிசியா இருந்தாள்.